தென்கடல் ஓரத்தில் ஆறுதலாக ஒரு பயணம்

யாழ்ப்பாணத்தில் எவரேனும் பயணம் புறப்படும்போது, படலை வரை வந்து வழியனுப்பும் முதியோர், "ஆறுதலாய்ப் போட்டு வாருங்கோ" என்று சொல்லி அனுப்புவர். ஆறுதல் என்னுஞ் சொல் எம்மவர் வழக்கில் இரு பொருள் தருவது. அவசரமின்மை ஒன்று, துயர் தணிதல் மற்றொன்று. இவ்விரு பொருளுக்கும் ஒருங்கே பொருந்தி நிற்கும் வீதியொன்று அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையில் இருக்கின்றது. அவ்வீதியிற் பயணஞ் செய்ய விரும்புவோர் எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதை எமது அனுபவத்தைக் கொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விக்டோரியா மாநிலத்தின் தலைநகராகிய மெல்பேண் மாநகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் டோர்க்கீ என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கே தொடங்கி அலன்ஸ்போர்ட் என்னும் ஊர் வரை 243 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாக வளைந்து செல்லும் பாதையை ஆங்கிலத்தில் ‘கிரேட் ஓஷன் ரோட்’ என்பர். அதனை நாம் பெருங்கடல் வீதி என அழைப்போம். ஒரு பாலில் மலைச்சரிவும் காடும்; மறு பாலில் ஓயாது குமுறும் தென்கடல். அதன் மேற்குப் பகுதியில் நின்று நேர் தெற்கே நோக்கினால், எமக்கும் அண்டார்ட்டிக்காப் பனிநிலத்துக்கும் இடையே நீரன்றி வேறொன்றுமில்லை. பாக்கு நீரிணையின் அமைதியான, ஆழமற்ற கடலைப் பார்த்து வளர்ந்த எம் கண்களுக்கு அக்கடல் வேறொரு பிறப்பாகவே தோன்றிற்று.

மெல்பேண் நகரில் இன்று எம்மவர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் பார்க்க அங்கு செல்லும் முதியோர் பலரும் இவ்வீதிக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஆயின், பெரும்பாலானோர் விடியுமுன் புறப்பட்டு, ஓடியோடிப் பார்த்து, நள்ளிரவை அண்டி வீடு திரும்புகின்றனர். கண்டது யாதெனக் கேட்டால், கைத்தொலைபேசியில் உள்ள படங்களைக் காட்டுவர். இத்தகைய ஓட்டத்துக்காக அமைக்கப்பட்ட வீதியன்று அது.

திட்டம் உருவான வகை

2024 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை அடுத்து, எமது தாயாரை அழைத்துக்கொண்டு மெல்பேண் சென்றிருந்தோம். எமது தமக்கையார் 1995 ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியவர். பின்னர் மணமுடித்து அந்நாட்டிலே குடியேறினார். இடையிடையே ஊருக்கு வந்து போனதுண்டு. ஆயினும், வந்த ஒவ்வொரு முறையும் கோயிற் காரியம், கலியாணக் காரியம், காணிக் காரியம் என நாட்கள் பறந்து போயின. தாயாருக்கு வயது 79. முழங்கால் நோவு உண்டு. இனி ஒருமுறை அவ்வளவு தூரம் விமானத்தில் வருதல் இயலாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். இரு பிள்ளைகளையும் ஒரே காரில் இருபுறமும் இருத்திக்கொண்டு எங்கேனும் போகவேண்டும் என்பது ஒன்றே அவர் தெரிவித்த ஆசை.

அத்தான் கணக்காளர். எதனையும் நிரலிட்டு எழுதும் பழக்கமுடையவர். காலை 6 மணிக்குப் புறப்பாடு, 11 மணிக்குப் பன்னிரு அப்போஸ்தலர் எனப்படும் புகழ்பெற்ற கடற்பாறைகள், இரவு 8 மணிக்கு வீடு என ஒரு தாளில் ஒருநாட் பயணத்தை வகுத்துக் காட்டினார். கரையோரமாகச் சென்றால் அப்பாறைகள் மெல்பேணிலிருந்து ஏறத்தாழ 275 கிலோமீற்றர். வளைவுகள் மிகுந்த வழியாதலின், எங்கும் நில்லாது ஓடினாலும் ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

தாயார் அத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அங்கை போய் எவ்வளவு நேரம் நிப்பம், தம்பி?" என்று கேட்டார்.

"நாற்பது நிமிஷம் நிக்கலாம், மாமி."

"நாற்பது நிமிஷத்துக்கோ இவ்வளவு ஓட்டம்?"

அக்கேள்வியுடன் ஒருநாட் திட்டம் முடிந்தது. மூன்று பகல், இரண்டு இரவு எனப் புதியதொரு திட்டம் வகுத்தோம். அதன்போது நாம் கருத்திற்கொண்ட கணக்குகள் மூன்று. முதலாவது, ஒளியின் கணக்கு. சித்திரை மாதம் அங்கே இலையுதிர் காலம். மாலை 6 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்து விடுகின்றது. இருண்டபின் கங்காருகளும் வல்லபி எனப்படும் அவற்றின் சிறிய இனத்து விலங்குகளும் வீதிக்கு வரும். ஆதலின், பொழுதுபட்டபின் கார் ஓடுவதில்லை என முடிவு செய்தோம். இரண்டாவது, மூத்தோர் உடலின் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடக்கவும், கழிப்பிட வசதி பெறவும் இடம் வேண்டும். மூன்றாவது, ஒன்றுக்கும் ஒதுக்காத நேரம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தை வெறுமையாக விட்டோம். அந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு இடுவதென அத்தான் தயங்கியபோது, "‘சும்மா’ எண்டு எழுதுங்கோ" என்றார் தாயார். அவ்வாறே எழுதப்பட்டது.

எத்திசையிலிருந்து தொடங்குவது என்பதும் சிந்திக்கத்தக்கது. அவுஸ்திரேலியாவிலும் எம் நாட்டைப் போலவே வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன. கிழக்கேயிருந்து மேற்காகச் சென்றால் கடல் எப்பொழுதும் இடக்கைப் பக்கம் இருக்கும். காட்சி மேடைகளுக்கு எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கறுக்காமல் திரும்பலாம். இடப்புறம் அமர்ந்தவருக்கும் கடலுக்கும் இடையே மற்றொரு வாகனம் வராது. இடப்புற ஆசனம் தாயாருக்கு என்பது விவாதமின்றி முடிவாயிற்று.

பருவமும் முக்கியம். மார்கழி முதல் மாசி வரை அங்கே கோடை. குறிப்பாகத் தை மாதத்திலும் ஈஸ்டர் விடுமுறையிலும் கரையோர ஊர்கள் சனத்தால் நிரம்பி வழியும். ஆனி முதல் ஆவணி வரை குளிரும் காற்றும் கடுமையாயினும், அக்காலத்தில் வார்னம்பூல் நகரை அண்டிய கடலுக்குத் திமிங்கிலங்கள் கன்றீன வருவதைக் கரையில் நின்றே காணலாம். நாம் சென்ற இலையுதிர் காலமோ கூட்டமும் கடுங்குளிரும் இல்லாதது.

மாண்டவர்க்காக மீண்டவர் அமைத்த வீதி

முதல் நாட் காலை, பிளாஸ்க்கில் தேநீரும், வாழையிலை கிடையாமையால் வெள்ளித்தாளில் சுற்றிய இடியப்பமும் சம்பலுமாகப் புறப்பட்டோம். ஜீலோங் நகரைக் கடந்து டோர்க்கீயை அடைந்ததும் கடற்காற்று முகத்தில் அறைந்தது. அண்மையில் உள்ள பெல்ஸ் கடற்கரையில் 1960களின் தொடக்கம் முதல் அலைச்சறுக்குப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. அங்கிருந்து சிறிது தூரத்தில், ஏரிஸ் இன்லெட் என்னும் ஊரின் மேட்டில், 1891 இல் கட்டப்பட்ட வெண்ணிறக் கலங்கரை விளக்கம் நிற்கின்றது.

அதனைத் தாண்டியதும் வீதியின் குறுக்கே மரத்தாலான வளைவொன்று தோன்றும். எல்லோரும் இறங்கிப் படமெடுக்கும் இடம் அது. அவ்வளவில் மீண்டும் காரில் ஏறிவிடாது, அருகில் உள்ள வெண்கலச் சிலைகளையும் கல்வெட்டுக்களையும் நின்று பார்த்தல் வேண்டும். ஏனெனில், இவ்வீதியின் உயிர் அங்கேதான் இருக்கின்றது.

முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியாவிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் படையிற் சேர்ந்தனர். அன்று அந்நாட்டின் சனத்தொகை ஐம்பது இலட்சத்துக்கும் குறைவு. அவர்களுள் 60,000 பேருக்கு மேல் மீளவில்லை. அவர்கள் கலிப்போலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதையுண்டு கிடந்தனர். மகன் வீழ்ந்த ஊரின் பெயரை அறிந்தும், கடல் பல கடந்து அவன் கல்லறையில் ஒரு பூவை வைக்க இயலாத தாய்மார் அந்நாடெங்கும் இருந்தனர்.

அக்காலத்தில் இக்கரையோர ஊர்களுக்குச் செம்மையான தரைவழி இல்லை. கடல்வழியாகவோ, காட்டை ஊடறுக்கும் கரடுமுரடான தடங்கள் வழியாகவோ செல்லவேண்டியிருந்தது. ஜீலோங் நகரின் முதல்வராயிருந்த ஹவார்ட் ஹிட்ச்கொக் என்பவர், போரில் மாண்டோருக்கு நினைவுச் சின்னமாகவும், போரிலிருந்து மீண்டோருக்குத் தொழிலாகவும் அமையுமாறு இக்கரையில் ஒரு வீதி அமைக்கலாம் எனக் கருதினார். அதற்கென 1918 இல் ஒரு நம்பிக்கைப் பொறுப்புச் சபை உருவாயிற்று. 1919 செப்டெம்பர் 19 ஆந் தேதி வேலை தொடங்கிற்று.

ஏறத்தாழ 3,000 முன்னாட் படைவீரர்கள் கூடாரங்களில் தங்கி, மண்வெட்டியும் பிக்காசும் தள்ளுவண்டியும் வெடிமருந்துமே துணையாகக் கொண்டு, செங்குத்தான பாறைகளைக் குடைந்தனர். எட்டு மணி நேர வேலைக்கு நாட்கூலி 10 சிலிங் 6 பென்ஸ். பாறை சரிந்து பணியிடையே உயிர் நீத்தோரும் உளர். 1922 இல் லோர்ன் என்னும் ஊர் வரையான பகுதி திறக்கப்பட்டது; வீதி முழுவதும் திறக்கப்பட்டது 1932 நவம்பர் 26 ஆந் தேதி. அதற்கு மூன்று மாதங்களின் முன் ஹிட்ச்கொக் காலமாகிவிட்டார். திறப்பு விழா ஊர்வலத்தில் ஆளுநரின் காரின் பின்னே அவரது கார் செலுத்திச் செல்லப்பட்டது. செலவை ஈடுசெய்ய வாங்கிய சுங்கம் 1936 இல் அரசு வீதியைப் பொறுப்பேற்றதும் நீங்கிற்று. 2011 இல் வீதி அந்நாட்டின் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நாம் கண்ட மர வளைவு, 1983 ஆம் ஆண்டின் பெருங் காட்டுத்தீயில் முன்னையது எரிந்தபின் மீளக் கட்டப்பட்டதாகும்.

மருமகன் இவற்றைப் பாட்டியாருக்கு எளிய தமிழில் எடுத்துச் சொன்னான். அவர் சிலைகளை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப, செத்த பொடியளுக்காக உயிரோடை வந்த பொடியள் வெட்டின றோட்டோ இது?"

"ஓம், அம்மம்மா."

"எங்கை செத்ததெண்டாவது அந்தத் தாய்மாருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர். அதன்மேல் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. எங்கே என்பதையும் அறியாத தாய்மார் எம் நாட்டில் எத்தனை பேர் என்பதை வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

காடும் கலங்கரை விளக்கமும்

லோர்ன் என்னும் ஊரில் கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகள் சற்றும் அச்சமின்றி எம்மைச் சூழ்ந்து கொண்டன. இடியப்பத்தில் பங்கு கேட்டன எனலாம். காட்டுயிர்களுக்கு உணவளித்தல் அங்கே தகாததென விதித்திருத்தலின் அவற்றுக்கு ஏமாற்றமே. லோர்ன் தொடக்கம் அப்பல்லோ பே வரை உள்ள 45 கிலோமீற்றர்தான் வீதியின் மிகக் குறுகிய, மிக அழகிய பகுதி. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு நூலிழையாக அது செல்கின்றது. அதனைக் கடக்க ஒரு மணி நேரம் போதும். நாம் மூன்று மணி நேரம் எடுத்தோம்.

இடையே கெனட் ஆறு என்னும் சிற்றூரில் யூக்கலிப்டஸ் மரக்கிளைகளில் கோவாலாக்கள் உறங்குவதைக் கண்டோம். அப்பால் பட்டன் முனை. 1924 இல் அம்முனைக்கு அண்மையில் ‘கசினோ’ என்னும் நீராவிக் கப்பல் பாறையில் மோதித் தடுமாற, பாரத்தைக் குறைக்கும் பொருட்டு நூற்றுக்கணக்கான பீர்ப் பீப்பாய்களைக் கடலில் உருட்டினராம். அவை கரை ஒதுங்கின. வீதித் தொழிலாளருக்கு எதிர்பாராத விடுமுறை இரு வாரம் நீடித்தது என்பர். கல்லுடைத்துக் களைத்தவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

முதலிரவு அப்பல்லோ பேயில் தங்கினோம். மறுநாட் காலை அங்கே பெற்றோலை நிரப்பிக்கொண்டோம். அதற்கப்பால் எரிபொருள் கிடைக்கும் இடங்கள் அரிது; கைத்தொலைபேசித் தொடர்பும் விட்டு விட்டே வரும். வீதி இங்கே கடலை நீங்கி ஒட்வே மலைக்காட்டினுள் நுழைகின்றது. மெய்ட்ஸ் ரெஸ்ட் என்னுமிடத்தில் மழைக்காட்டின் ஊடே சிறு நடைபாதை உண்டு. ஏறத்தாழ 800 மீற்றர் நீளமான அதில், தென்னையளவு உயர்ந்த மரப்பன்னங்களின் நிழலில், தாயார் ஊன்றுகோலுடன் மெல்ல நடந்தார். இக்காடும் கரையும் கடுபனுட் என்னும் ஆதிக்குடிகளின் தாயகம். ஐரோப்பியர் வருகையின் பின் சில பத்தாண்டுகளிலேயே அவர்கள் சிதறுண்டனர். அவர்கள் உண்டு கழித்த சிப்பியோடுகளின் குவியல்கள் கரையோரங்களில் இன்றும் உள.

காட்டின் தென்கோடியில் ஒட்வே முனை. அங்கே கடலுக்கு மேல் 90 மீற்றர் உயரமான பாறையில் 1848 இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் உள்ளது. அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் எஞ்சியுள்ள கலங்கரை விளக்கங்களுள் மூத்தது அதுவே. 1845 இல் எதிரேயுள்ள கிங் தீவில் ‘கற்றராக்கி’ என்னும் குடியேற்றக் கப்பல் உடைந்து ஏறத்தாழ 400 பேர் மாண்டனர், பிழைத்தோர் ஒன்பதின்மர். அத்துயரே இவ்விளக்கை விரைந்து எழுப்பத் தூண்டிற்று. 1994 வரை அது எரிந்தது. இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு மாதக்கணக்காகக் கடலில் உழன்று வந்த குடியேறிகள் பலருக்குப் புதிய நாட்டின் முதற் காட்சி இவ்விளக்கின் ஒளியே.

அன்று பகல் அத்தானின் தாளில் ‘சும்மா’ என எழுதப்பட்ட இரண்டு மணி நேரம் அம்முனையில் வந்து வாய்த்தது. தாயார் விளக்கத்தின் அடியில் ஒரு வாங்கில் அமர்ந்தார். தமக்கையார் அருகிற் சென்று இருந்தார். "கப்பலிலை வந்தவைக்கு ஒரு வெளிச்ச வீடாவது இருந்தது, அம்மா" என்று தொடங்கி, தாம் இந்நாட்டுக்கு வந்திறங்கிய முதலாண்டின் கதையைச் சொல்லலானார். வாரந்தோறும் தொலைபேசியிற் பேசியும் இத்தனை ஆண்டுகளாக அவர் சொல்லாத கதை அது. அதனை இங்கு எழுதவேண்டியதில்லை. தாயார் இடைமறிக்கவில்லை, மகளின் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒருநாட் பயணத் திட்டத்தில் அவ்வாங்குக்கு இடமே இருந்திருக்காது.

தேய்ந்து வரும் கரை

அன்று மாலை பொழுது சாயும் வேளையில் பன்னிரு அப்போஸ்தலரை அடைந்தோம். கரையை விட்டு விலகிக் கடலின் நடுவே பொன்னிறத் தூண்களாக நிற்கும் இச்சுண்ணக்கற் பாறைகளுட் சில 45 மீற்றர் உயரமானவை. பண்டு இவற்றை ‘பன்றியும் குட்டிகளும்’ என்றே அழைத்தனர். பயணிகளைக் கவரும் பொருட்டே பிற்காலத்தில் அப்போஸ்தலர் என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. எண்ணிக்கையோ ஒருபோதும் பன்னிரண்டு அன்று. இருந்தவை ஒன்பது, 2005 ஜூலை 3 ஆந் தேதி ஒன்று சில நொடிகளில் இடிந்து வீழ்ந்தது.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்துகொள்ளல் நன்று. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டுகளின் முன், கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி உருவானது இச்சுண்ணக்கல். தென்கடலின் அலையும் காற்றும் அதன் மெலிந்த இடங்களை அரிக்கின்றன. அரிப்பினால் முதலிற் குகை உண்டாகும். குகை இருபுறமும் துளைபட்டு வளைவாகும். வளைவின் முகடு வீழ்ந்ததும் தனித்தூண் எஞ்சும். ஈற்றில் தூணின் அடி தேய்ந்து அதுவும் சாயும். தூண்களின் அடி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தேய்கின்றது எனக் கணிக்கின்றனர். இவ்வாறு பழையன வீழ, கரைப்பாறையிலிருந்து புதியன பிரிந்து நிற்கும்.

1990 ஜனவரி 15 ஆந் தேதி, போர்ட் கம்பெல் ஊருக்கு அப்பாலுள்ள ‘லண்டன் பாலம்’ என்னும் இயற்கை வளைவின் ஒரு பகுதி திடீரென வீழ்ந்தது. அப்பாலே நின்ற இருவர் திரும்ப வழியின்றிச் சிக்குண்டு, உலங்குவானூர்தியால் மீட்கப்பட்டனர். பாறை விளிம்புகளில் வேலி கட்டி எச்சரித்திருப்பது வீணுக்கன்று என்பதை இளைஞர் நினைவிற் கொள்க. சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையேயன்றி வேறெங்கும் நீராடப் புகுதலும் ஆகாது.

பாறைகளைப் பார்க்கும் மேடைக்குச் சமதளப் பாதை இருத்தலால் முதியோருக்கு இடரில்லை. அண்மையிலுள்ள கிப்சன் படிகள் 86. அவற்றில் மருமகனும் அத்தானும் மாத்திரம் இறங்கிக் கரைக்குச் சென்றனர். எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்றில்லை. ஆளுக்கொன்றைப் பார்த்துவிட்டு இரவு உணவின்போது ஒருவருக்கொருவர் சொல்வதிலும் சுவையுண்டு.

மூன்றாம் நாள்

இரண்டாமிரவு போர்ட் கம்பெலில் தங்கி, காலையில் சிறிது தூரம் பின்னோக்கிச் சென்று லொக் ஆர்ட் குடாவைப் பார்த்தோம். இங்கிலாந்திலிருந்து மெல்பேணுக்கு வந்த ‘லொக் ஆர்ட்’ என்னும் பாய்க்கப்பல், 1878 ஜூன் 1 ஆந் தேதி விடியற்புறம் மூடுபனியில் இங்கே பாறையில் மோதிற்று. கப்பலில் இருந்த 54 பேருள் பிழைத்தோர் இருவரே. பயிற்சி மாலுமியான ரொம் பியர்ஸ் என்னும் இளைஞன் கரையேறியபின், அலைகளின் நடுவே ஒரு பெண்ணின் குரல் கேட்டு மீண்டும் நீந்திச் சென்று அவளை மீட்டான். அவள் பெயர் ஈவா கார்மைக்கேல். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் அவள் அன்று ஒருங்கே இழந்தாள். அவ்விருவரும் மணமுடிப்பர் என நாடே எதிர்பார்த்தது. அவளோ சில மாதங்களில் அயர்லாந்துக்குத் திரும்பிப் போனாள். கரையில் ஒதுங்கிய சிலரின் கல்லறைகள் பாறைமேல் உள. அருகே கடலில் நின்ற ஒரு வளைவு 2009 இல் இடிந்து இரு தூண்களாயிற்று. அவற்றுக்கு ரொம், ஈவா என்றே பெயரிட்டுள்ளனர்.

அங்கிருந்து மேற்கே, வீதியின் முடிவைத் தாண்டி, வார்னம்பூல் நகரின் கொடிமேட்டுக் கடலியல் அருங்காட்சியகத்தில் ஒரு மயில் உண்டு. மெல்பேணில் 1880 இல் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சிக்கென லொக் ஆர்ட் கப்பலில் அனுப்பப்பட்ட, ஆள் மார்பளவு உயரமான பீங்கான் மயில் அது. 52 பேர் மாண்ட அவ்விபத்தில், பொதிப்பெட்டியுடன் கரை ஒதுங்கிய அப்பீங்கான் மயில் அலகில் சிறு சிதைவோடு பிழைத்தது. "முருகன்ரை வாகனம் எல்லோ" என்று தாயார் கைகூப்பினார். காவலுக்கு நின்ற பெண்மணி காரணம் அறியாமலே புன்னகை புரிந்தார்.

திரும்பும் வழியைக் கரையோரமாக அமைக்கவில்லை. வார்னம்பூலிலிருந்து உள்நாட்டு நெடுஞ்சாலையில் கோலாக் நகர் வழியே மூன்று மணி நேரம் சற்று மிகையாக ஓடினால் மெல்பேணை அடையலாம். கண்ட காட்சிகளை மீண்டும் விரைந்து காண்பதிலும், சமவெளியில் பாற்பண்ணைகளைப் பார்த்துக்கொண்டு பேசி வருதல் மேலானது. தாயார் பாதிவழியில் உறங்கிவிட்டார். அவரது ஒரு கை தமக்கையாரிடமும் மறுகை எம்மிடமும் இருந்தன.

வாசகர்களே! மெல்பேணில் உங்கள் பிள்ளைகளோ உடன்பிறந்தாரோ இருப்பின், இவ்வீதிக்கு மூன்று நாட்களேனும் ஒதுக்குங்கள். விடுமுறை அரிது, தங்குமிடச் செலவு மிகுதி என்பர், உண்மையே. இயலாதவர் லோர்ன் வரை மட்டும் சென்று, அன்று முழுதும் அங்கே இருந்து திரும்பலாம். பாதிவழி சென்று நன்றாகப் பார்த்தவர், முழுவழியும் ஓடிக் களைத்தவரிலும் மிகுதியாகவே காண்பர். பாறைகள் தேய்ந்து வருகின்றன. ஆயினும் நம் வாழ்நாளில் அவற்றுட் பல நிற்கும். நம்முடன் காரில் அமர்ந்து வரும் முதியோரைப் பற்றி அவ்வாறு சொல்லுதற்கில்லை. ஆதலின், திட்டத் தாளில் ‘சும்மா’ என்றொரு கட்டத்தை முதலில் எழுதிவிட்டு, மற்றவற்றை அதன்பின் நிரப்புங்கள்.